சுருதி ஏறிய இசைத்தட்டு

பழைய ஜாஸ் இசைத்தட்டின் மறுபதிப்பை வாங்குவோர், அது எந்த ஒலிநாடாவிலிருந்து எடுக்கப்பட்டது என்று விசாரிப்பதுண்டு. ஏன்?

அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டையே பாருங்கள். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் அதன் முதல் பக்கம் பதிவானபோது, மூல நாடாப்பொறி சற்று மெதுவாக ஓடிற்று. அந்த நாடாவை இயல்பான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? ஒரு நொடியில் பதிந்த அதிர்வுகள் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வெளிப்படும். அதிர்வெண் கூடும், சுருதியும் ஏறும். தட்டுடன் சேர்ந்து வாசித்தவர்களின் கருவிகள் அதனோடு இணையவில்லை!

நல்லவேளையாக, அன்று இன்னொரு பொறியும் சரியான வேகத்தில் பதிவு செய்திருந்தது. அந்த நாடாவைக் கொண்டு 1992இல் மறுபதிப்பு வந்தது. 33 ஆண்டுகளுக்குப் பின் உண்மைச் சுருதி ஒலித்தது.