எழாத கணினியை எழுப்புவது எப்படி?

2024 ஜூலை 19, இந்திய நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குப் பிழையான கோப்பு ஒன்று இணையம் வழியே போனது. உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

10.57க்கே கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பிறகும் கணினிகள் ஏன் எழவில்லை? அந்த மென்பொருள் விண்டோஸ் தொடங்கும்போதே உடன் ஏறிவிடும். திருத்தம் வந்து இறங்குவதற்குள் கணினி மறுபடி விழுந்துவிடும்.

இங்கேதான் விண்டோஸின் சேஃப் மோட் கைகொடுத்தது. அதில் திரை, விசைப்பலகை, வட்டு போன்றவற்றுக்கான அடிப்படை டிரைவர்கள் மட்டுமே ஏறும். வெளி மென்பொருள்கள் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். பணியாளர்கள் கணினி கணினியாக உட்கார்ந்து, 00000291 என்ற எண்ணைப் பெயரில் கொண்ட கோப்பைத் தேடி அழித்தார்கள். சின்ன வேலைதான், ஆனால் பல இடங்களில் ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. வட்டை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியும் வேண்டும்.

புயலும் மின்வெட்டும் பழகிய காரைக்கால்காரர்களே, உங்கள் கணினியில் பிட்லாக்கர் இருந்தால் அந்தச் சாவியை இன்றே தாளில் எழுதி வையுங்கள். ஷிப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் சேஃப் மோடுக்குப் போகும் வழி திறக்கும்.