படுத்தால் மூச்சு முட்டுகிறதா?

(இரண்டாமாண்டு, விலங்கியல்)

முதலாண்டுத் தேர்வில் இதயத்தின் படம் வரைந்து, நான்கு அறைகளையும் பெயரிட்டு, பத்துக்கு ஒன்பது மதிப்பெண் பெற்றவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளும் நானே. ஆயினும் என் வீட்டிலேயே ஓர் இதயம் தளர்ந்தபோது அதை நான் உணரவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சென்ற ஆண்டு என் அப்பத்தா மூன்று இரவுகள் சுவரில் சாய்ந்தபடியே உறங்கினார். படுத்தால் இருமல், நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து வாசலில் வந்து உட்காருவார். பாதங்கள் வீங்கியிருந்தன. "சளிதான்" என்று கஷாயம் கொடுத்தோம். நான்காம் இரவு உடலெல்லாம் வியர்த்தது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினார். "படுக்க வையுங்கள்" என்றனர் அக்கம்பக்கத்தார். படுக்க வைத்தோம். உதடுகள் நீலம் பாரித்தன! 108 ஊர்தியில் வந்தவர் முதலில் செய்தது, அப்பத்தாவை நிமிர்த்தி உட்கார வைத்ததுதான்.

இந்நோயின் பெயர் திடீர் இதயச் செயலிழப்பு. இதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. துடிக்கிறது, ஆனால் இறைக்கும் வலு குறைந்துவிட்டது. நலமான இதயம் ஓய்வில் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கும். மடை அடைத்தால் வாய்க்காலில் நீர் தேங்கிக் கரை கசிவதில்லையா? அதுபோல, இடக்கீழறை தளர்ந்தால் நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, காற்றறைகளில் நீர் கசியும். இவ்வழுத்தத்திற்கும் கசிவிற்கும் உள்ள தொடர்பை எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இல் விளக்கினார். படுக்கும்போது கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தம் நெஞ்சுக்குத் திரும்பிச் சுமையைக் கூட்டுகிறது. உட்கார்ந்தால் அச்சுமை குறைகிறது.

படுத்தால் மூச்சுத்திணறல், இரவில் திணறி விழித்தல், கால் வீக்கம், கழுத்துச் சிரை புடைத்தல், இளஞ்சிவப்பு நுரையுடன் இருமல் ஆகியவை அறிகுறிகள். சிலருக்கு நெஞ்சில் விசில் ஒலி கேட்பதால் இழுப்பு நோய் என ஏமாறவும் நேரும்.

மருத்துவமனையில், இரத்தத்தில் ஆக்சிஜன் 90 விழுக்காட்டிற்குக் கீழ் இருந்தால் ஆக்சிஜன் தருவர். தேவைப்பட்டால் முகமூடி வழியே அழுத்தக் காற்று செலுத்துவர். ஃபுரோசிமைடு ஊசி, மிகுந்த உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும். இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தால் நைட்ரோகிளிசரின் குழாய்களைத் தளர்த்தும். அழுத்தம் தாழ்ந்தவர்க்கு அதுவே ஆபத்து. ஆகவே வீட்டு வைத்தியம் கூடாது. மாரடைப்பா, துடிப்புக் கோளாறா எனக் காரணமறிய இ.சி.ஜி., எக்கோ எடுப்பர். அப்பத்தாவின் காரணம் எளியது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியிருந்தார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நண்பர்களே! இத்தகையவரைக் கண்டால் படுக்க வைக்காதீர்கள். கால்களைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வையுங்கள். 108ஐ அழையுங்கள். உண்ணும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அப்பத்தா இன்று நலம். நாள்தோறும் காலையில் எடை பார்த்து நோட்டில் குறிக்கிறேன். மூன்று நாட்களில் 2 கிலோ கூடினால் உடலில் நீர் தேங்குகிறது எனக் கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். எழுத்தறியாத அப்பத்தா, "நம்பர் என்னடா சொல்லுது?" என்று தினமும் கேட்கிறார். நான் படித்த படிப்பு, தேர்வுத்தாளை விட்டு வீட்டுக்குள் வந்தது அந்தக் கேள்விக்குப் பின்புதான்.