காவிரி மீன் கூடையில் காவிரிக்காரன் எங்கே?

ராட்சதக் கெண்டையின் கடைசி வீடு மாயாறு!

ஈரோடு:

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ஈரோட்டு மீன் கடைகளில் கூட்டம் அலைமோதும்.

"கடல் மீன் வேண்டாம், ஆத்து மீனு இருக்கா?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் ஏராளம். ஓ, இருக்கே! ஜிலேபி இருக்கு, கட்லா இருக்கு, ரோகு இருக்கு, மிர்கால் இருக்கு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இந்த நாலு பேரில் ஒருவர்கூட காவிரிக்காரர் கிடையாது!

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கை முதலான வடக்கத்தி ஆறுகளைச் சேர்ந்தவை. சீக்கிரம் எடை போடும் என்பதால் அணைகளில் குஞ்சு விடப்பட்டு, இங்கே குடியேறியவை.

ஜிலேபி அதைவிடத் தூரத்து ஆள். பிறந்த வீடு ஆப்பிரிக்கா. 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. முட்டையையும் குஞ்சையும் தாய் மீன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். அதனால் சேதாரம் குறைவு. குட்டை, ஏரி, அணை, ஆறு என்று எல்லா இடத்திலும் பெருகிவிட்டது.

அப்படியானால் காவிரியின் சொந்த மீன்கள் எங்கே போயின?

இடத்துக்கு ஒரு மீன்

தலைக்காவிரியில் இருந்து பூம்புகார் வரை சுமார் 800 கிலோ மீட்டர் ஓடுகிறது காவிரி. வழி நெடுக ஒரே மாதிரி மீன் கிடையாது.

மலையில் தண்ணீருக்கு வேகம் அதிகம். அங்கே பாறையில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சிறு மீன்கள் உண்டு. அதற்கென்றே அவற்றின் வாய்க்கு அடியில் ஒரு தட்டு இருக்கிறது.

ஆழமான மடுக்களில் பெரிய கெண்டைகளும் வாளையும் வாழும். மணலும் சேறும் உள்ள இடம் அயிரைக்கும் ஆரலுக்கும். தேங்கிய தண்ணீர் விராலுக்கு. அது மேலே வந்து காற்றைக் குடித்து உயிர் பிழைக்கும்.

யாத்திரை போகும் மீன்களும் உண்டு. விலாங்கு ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். உல்லம் அதற்கு நேர்மாறு. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறி வரும்.

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. லட்சக்கணக்கான ஏக்கர் பயிருக்கு உயிர் கொடுத்த அணை அது. ஆனால் கீழே பாய்ந்த வெள்ளம் அடங்கியது. வெள்ளத்தை நம்பி ஆற்றில் ஏறி வந்த உல்லமும் அருகிப் போனது.

54 கிலோ!

காவிரியின் சொந்த மீன்களில் ராஜா, மஹ்சீர் என்ற ராட்சதக் கெண்டை. முதுகில் காளைக்கு இருப்பது போல ஒரு திமில். ஆரஞ்சு நிறத் துடுப்பு. உள்ளங்கை அகலச் செதில்.

1946-ல் காவிரியின் கிளை நதியான கபினியில் தூண்டிலில் சிக்கிய மஹ்சீரின் எடை 120 பவுண்டு. அதாவது 54 கிலோ! ஒரு ஆளின் எடை! தூண்டில்காரர்கள் மத்தியில் இந்த மீனுக்கு உலகப் புகழ்.

நல்லது செய்யப் போய்...

இந்த மீன் குறையத் தொடங்கியதும் ஆற்றில் குஞ்சு விட்டார்கள். ஆனால் விட்டது அண்ணன் குஞ்சு அல்ல, பங்காளி குஞ்சு!

மகாராஷ்டிர மாநிலம் லோனாவாலாவில் வளர்க்கப்பட்ட நீலத் துடுப்பு மஹ்சீர் அது. 1970-களில் தொடங்கி கர்நாடகக் காவிரியில் விடப்பட்டது. புதிதாக வந்தது பெருகியது. திமில் மீன் குறைந்துகொண்டே வந்தது. 1998 முதல் 2012 வரை தூண்டிலில் சிக்கிய மீன்களின் கணக்கைப் பார்த்தபோதுதான் இந்த விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது.

இன்னொரு அதிசயம்: உலகப் புகழ் பெற்ற இந்த மீன் எந்த இனம் என்பதே 2018-ல்தான் உறுதியானது. பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களுக்கு முன்பே சூட்டப்பட்டிருந்த 'டார் ரெமாதேவி' என்ற பெயர்தான் இந்த ராட்சதனுக்கும் உரியது என்று கண்டுபிடித்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை விஞ்ஞானி ரெமாதேவியைப் பெருமைப்படுத்த வைத்த பெயர் அது.

பெயர் உறுதியான அதே ஆண்டில், அடியோடு அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்கள் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது!

மாயாற்றில் மிச்சம்

இன்று இந்த மீன் நிலைத்து வாழ்வதாக உறுதியாகத் தெரிந்த இடம், நீலகிரியில் இருந்து இறங்கி முதுமலை, சத்தியமங்கலம் காடுகள் வழியாக வரும் மாயாறு. புலிக் காடு என்பதால் கண்டவர்கள் உள்ளே நுழைய முடியாது. மீனுக்கு அதுதான் காவல்.

ஆனால் காவல் ஒரு பக்கம்தான். மாயாறு வந்து சேரும் இடம் பவானிசாகர் அணை. அணையில் விடும் வெளியூர்க் குஞ்சு, தண்ணீரை எதிர்த்து மாயாற்றுக்குள் ஏறினால் அதைத் தடுக்க வன இலாகா செக்போஸ்ட் எதுவும் கிடையாது.

கண்டதையெல்லாம் விழுங்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு 2000-ல் மத்திய அரசு தடை போட்டது. அந்தக் கெளுத்தி இன்றும் ஆறு, குளங்களில் வலையில் விழுகிறது.

உள்ளே விட்ட மீனைத் திரும்பப் பிடித்து முடிக்க யாராலும் ஆகாது. குஞ்சு விடும் முன்பே அது எந்த ஆற்று மீன் என்று பார்த்து விட்டால்தான், மாயாற்று ராஜாவுக்கு ஆயுள் கெட்டி.