15 பைசா தபால்தலையும் பல்லாவரம் கல்லும்

ஊரிலிருந்து வந்த பழைய கடிதக் கட்டு ஏதாவது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறதா? பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் உறைகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். உலக உருண்டையும் மாநாட்டுச் சின்னமும் கொண்ட 15 பைசா தபால்தலை ஒன்று கண்ணில் படலாம். 1964 டிசம்பரில் புதுடில்லியில் கூடிய 22வது சர்வதேச பூகர்ப்ப மாநாட்டுக்காக வெளியிடப்பட்ட தலை அது.

அந்நாளில் உறைக் கடிதத்துக்குக் கட்டணமே 15 பைசாதான். அவ்வாண்டு ஜூன் மாதம்தான் 'நயா' கழன்று வெறும் பைசா ஆகியிருந்தது. எனவே, "மணியார்டர் கிடைத்ததா?" என்று வீட்டுக்கு எழுதிய குமாஸ்தாவின் கடிதத்திலும் விஞ்ஞானிகளின் மாநாடு ஏறிச் சென்றது.

1878ல் பாரிஸில் தொடங்கிய இம்மாநாடு ஆசியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. தலைமை வகித்தவர் டாக்டர் டி.என்.வாடியா.

பாறைக்கும் மண்ணடுக்குக்கும் நாட்டுக்கு ஒரு பெயர் இருந்தால் எப்படி? எல்லோருக்கும் பொதுவான பெயர்களும் வரைபட முறையும் வேண்டும் என்பதே இம்மாநாட்டின் ஆதி நோக்கம். அப்படி உலகம் ஏற்றுக்கொண்ட பெயர்களில் ஒன்று 'சார்னகைட்'. கல் நம்முடையது, சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைக் கருங்கல். பெயரோ கல்கத்தாவுடையது!

கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை, டல்ஹௌசி சதுக்கத்துக்கு அருகில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன்மேல் பதித்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், அது பல்லாவரத்துப் பாறை ரகம் என்று கண்டு, 1893ல் சார்னாக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். நமக்கு முன்பே நம் ஊர்க் கல் வங்காளத்தில் குடியேறிவிட்டது!

கல்கத்தாவில் தலைமையகம் கொண்ட இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறை 1851ல் ஏற்பட்டது. அதன் தலைமைப் பதவிக்கு ஓர் இந்தியர் வர நூறாண்டு பிடித்தது. 1951ல் அப்பதவியை ஏற்றவர் தமிழரான எம்.எஸ்.கிருஷ்ணன். அவர் எழுதிய இந்திய பூகர்ப்ப நூலைப் படிக்காமல் இத்துறையில் பட்டம் பெற்றவர்கள் அந்நாளில் குறைவு.

இன்னொரு வேடிக்கை. அதே டிசம்பரில், போப்பாண்டவர் பம்பாய் வந்தபோது, புனித தோமையார் தபால்தலையும் வெளிவந்தது. தோமையார் மலை என்பதும் பரங்கிமலைதான். ஒரே மாதத்தில் ஒன்று அந்த மலையின் பெயரையும், மற்றொன்று அதன் கல்லையும் நினைவூட்டியது!

விற்றுக் காசு பார்க்கலாம் என்று சொல்லவில்லை. தலை கிடைத்தால் பிய்த்தெடுக்க வேண்டாம். முத்திரையில் உங்கள் ஊர்த் தபாலாபீஸ் பெயரும் தேதியும் தெளிவாக விழுந்திருந்தால் உறையோடேயே எடுத்து வையுங்கள்.