அற்புதமும் அன்றாட அரிசியும்

பெரகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், அன்றாடத் தேவையை இறைவன் அற்புதத்தால் நிறைவுசெய்வான் எனும் கிறிஸ்தவ நம்பிக்கையை அறியாமையென ஒதுக்குதல் எளிது. அதன் சமூக அடித்தளமே நோக்கற்பாலது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது. 1973–74இன் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பட்டினிச் சாவாக முற்றியது. துரையும் அரசும் கைவிட்ட லயத்தில் அப்பத்தை வேறு யாரிடம் கேட்பது?

1920களில் இலங்கையிலே தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர் ஊதியமும் மருந்தும் தவிர்த்து, இறைவனையே நம்பி வாழ்ந்தனர். எனினும் அவர்தம் உணவு விசுவாசிகளின் காணிக்கையாகவே வந்தது. இது அந்நம்பிக்கைக்கு இழுக்கன்று. யோவான் சுவிசேஷத்தில் ஐயாயிரவர் உண்ட அற்புதமும் ஒரு சிறுவனிடமிருந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களிலிருந்தே தொடங்குகிறது. பிரசங்கங்களில் அச்சிறுவன் போதிய இடம் பெறுவதில்லை என்பது எம் எண்ணம்.

1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயராயிருந்த லியோ நாணாயக்கார இவ்வறிய பிரதேசத்தைத் தாமே விரும்பி ஏற்றார். பண்டாரவளையில் அவர் நிறுவிய சேவக செவன குருமடம், குருமாணவர் மக்களிடையே வாழ்ந்து பயிலவேண்டும் என்ற நோக்குடையது. அற்புதத்தைக் காத்திருப்போரிடம் வெறுங்கையோடு செல்லலாகாது என்பதை அது உணர்ந்திருந்தது எனலாம்.

அடுத்த காம்பராவிலிருந்து வந்த ஒரு சுண்டு அரிசியை ‘ஆண்டவர் அனுப்பினார்’ என்னும் தாய், அதனைக் கொடுத்தவளையும் மறப்பதில்லை. சம்பள நாளில் அளந்து திருப்பிக் கொடுக்கிறாள்.