உங்களுக்குத் தெரியுமா? மரத்தூள்

★ வீட்டுப் பட்டறையில் தரையில் குவியும் சீவலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துடைப்பத்துக்கு அது அடங்கிவிடும். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நுண்தூளுக்குத்தான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கும் சிறிய தூள் மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலில் இறங்கும். மெஷினை நிறுத்திய பிறகும் வெகுநேரம் காற்றில் மிதக்கும். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெருக்க ஆரம்பிப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

★ இங்கிலாந்தின் ஹை விக்கம் நாற்காலிகளுக்குப் பேர்போன ஊர். அங்கே மரவேலை செய்தவர்களுக்கு மூக்கினுள் ஓர் அபூர்வப் புற்றுநோய் அடிக்கடி வருவதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மி ஹேட்ஃபீல்டு கவனித்தார். 1960களில் டொனால்டு ஆச்சிசனுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வுகள், அந்த நோய்க்கும் மரவேலைக்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டின. இன்று மரத்தூள், புற்றுநோய்க் காரணிகளின் வகைப்பாட்டில், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி எனப்படும் முதல் பிரிவில் இருக்கிறது. பட்டறைக்கு டஸ்ட் கலெக்டர் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் இந்த ஊரை நினைவுபடுத்துங்கள்.

★ டஸ்ட் கலெக்டருக்கு 4 அங்குலக் குழாய்க்குப் பதில் 2 அங்குலம் போட்டால் காற்று போகும் பரப்பு கால் பங்காகிவிடும். காற்றின் வேகம் குறைந்தால் சீவல் குழாயிலேயே தங்கி அடைக்கும். திருப்பங்களில் ஒரு 90 டிகிரி எல்போவை விட இரண்டு 45 டிகிரி எல்போ நல்லது. வளையும் ஹோஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

★ சைக்ளோன் பிரிப்பானுக்கு 1880களிலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். காற்று சுழலும்போது கனமான தூள் சுவரில் உரசிக் கீழே விழும். மர ஆலை ஒன்றில் இதைக் கண்ட ஜேம்ஸ் டைசன், 5,127 மாதிரிகள் செய்து பையில்லா வேக்கம் கிளீனரை உருவாக்கினார். வேக்கத்துக்கு முன்னால் மூடி போட்ட பக்கெட்டில் ஒரு சிறு சைக்ளோன் வைத்தால் ஃபில்டர் சீக்கிரம் அடைபடாது.

★ கலெக்டரின் துணிப்பை பெரிய துகளைப் பிடித்துக்கொண்டு நுண்தூளை அறைக்குள்ளேயே ஊதிவிடக்கூடும். நுண்ணிய ஃபில்டர் வாங்குங்கள், அல்லது காற்றை வெளியே விடுங்கள். குளிர்நாட்டில் அறையின் சூடு போய்விடுமே என்று தயங்குவார்கள்; நமக்கு அந்தக் கவலை இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

★ சாண்டரில் உப்புத்தாளை ஒட்டும்போது அதன் துளைகள் அடித்தட்டின் துளைகளுக்கு நேராக இருக்க வேண்டும். விலகியிருந்தால் எத்தனை பெரிய வேக்கத்தை மாட்டினாலும் தூள் வெளியேதான் பறக்கும்.