பாவித்த பெற்றோல் குரொஸ்ஓவர் வாங்கப் போகிறீர்களா? முதலில் அதன் வரலாற்றைக் கேளுங்கள்

பத்து வருடம் ஓடிய காரை, அதை முதலில் வாங்கியவர் கொடுத்ததைவிடக் கூடிய தொகைக்கு விற்கக்கூடிய நாடுகள் உலகில் அதிகம் இருக்காது. இலங்கை அப்படியான ஒரு நாடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியது. இப்போது புதிதாக வந்திறங்கும் வாகனங்களின் விலையில் பெரும்பங்கு வரி. ஆகவே சம்பளக்காரக் குடும்பங்கள் பார்ப்பது, தடைக்கு முன் நாட்டுக்குள் வந்துவிட்ட 2014 - 2019 காலத்துக் கார்களைத்தான்.

அவற்றிலும் கூடுதலாகக் கேட்கப்படுவது குரொஸ்ஓவர் வகை. எங்களூரில் பலர் 'சின்ன ஜீப்' என்றே சொல்வார்கள். உண்மையில் இவை ஜீப் அல்ல. காரின் அடித்தளத்தில் கட்டி, உடலைக் கொஞ்சம் உயர்த்திய வாகனங்கள். முழங்கால் வலியுள்ள அம்மா குனியாமல் ஏறி இருக்கலாம். மாரியில் ஒழுங்கை நிறைந்து நின்றாலும் அடி தட்டாது.

வவுனியாவில் ஆசிரியையாக இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்காவுக்கும் அத்தானுக்கும் துணையாக, கடந்த மூன்று மாதங்களில் யாழ்ப்பாணம், வவுனியா, நீர்கொழும்பு ஆகிய இடங்களில் பதினொரு கார்களைப் பார்த்தேன். அவர்கள் போடப்போவது பதினைந்து வருடச் சேமிப்பும், ஐந்து வருட லீசிங்கும். வாங்கிய பிறகு கியர்பெட்டி போனால் அதைச் செய்ய இன்னொரு கடன்தான் எடுக்கவேண்டும். இந்தப் பதினொரு கார்களும், கூட வந்த மெக்கானிக்கும் கற்றுத் தந்தவற்றை இங்கே தொகுக்கிறேன். சுருக்கம் இதுதான்: வாகனத்தின் பெயரையும் ஆண்டையும் வைத்துத்தான் சந்தை விலை போடுகிறது, அதன் நம்பகத்தன்மையைத் தீர்மானிப்பது அது எப்படிப் பாவிக்கப்பட்டது என்பதே.

ஏன் பெற்றோல்?

ஹைபிரிட் கெட்டது என்பதல்ல. எரிபொருள் விலையைப் பார்த்தால் அது நல்ல தெரிவு. ஆனால் பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஹைபிரிட் ஒன்றை வாங்கும்போது அதன் உயர் மின்னழுத்தப் பற்றரியின் மிச்ச ஆயுளையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். அதைச் சரியாகச் சோதிக்கக் கருவியும் பழக்கமும் உள்ள கராஜ் வேண்டும். கொழும்பில் அது பிரச்சினையில்லை. மல்லாவியிலோ மூதூரிலோ இருப்பவருக்குப் பிரச்சினை. தினமும் நூறு கிலோமீற்றர் ஓடுபவருக்கு ஹைபிரிட்டின் மிச்சம் பெரியது. பாடசாலைக்கும் கடைக்கும் மாதத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கும் போகிறவருக்கு அந்த மிச்சம் ஒரு பற்றரி மாற்றும் செலவுக்குக் காணாது.

எந்த வாகனங்கள்?

முதலில் ஹொண்டா வெசெல். இலங்கையில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை ஹைபிரிட், 1.5 லீற்றர் பெற்றோல் வெசெல்லைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். விளம்பரத்தை நம்பவேண்டாம். செசி இலக்கத்தின் முன்னெழுத்துகளே சொல்லிவிடும்: ஆர்.யு.1, ஆர்.யு.2 என்றால் பெற்றோல், ஆர்.யு.3, ஆர்.யு.4 என்றால் ஹைபிரிட். இந்த வித்தியாசம் முக்கியம். முதல் தலைமுறை வெசெல் ஹைபிரிட்டில் இருப்பது ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி. அதன் மென்பொருள் கோளாறுக்காக 2014இல் ஜப்பானிலேயே ஹொண்டா ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வாகனங்களைத் திருப்பி அழைத்தது. பெற்றோல் வெசெல்லில் இருப்பது சி.வி.ரி. கியர்பெட்டி. ஒயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் அதிகம் தொந்தரவு தராது.

அடுத்தது 1.6 லீற்றர் சுஸுகி விட்டாரா. டர்போ இல்லாத எளிமையான எஞ்சின், ஆறு வேக வழமையான ஓட்டோ கியர். ஹங்கேரியில் செய்யப்பட்டது. முகவரிடம் புதிதாக வாங்கப்பட்ட விட்டாராவுக்கு இலங்கைக்குள்ளேயே முழுமையான சேர்விஸ் பதிவு இருக்க வாய்ப்புண்டு. ஜப்பானில் சில வருடம் ஓடி வந்த கார்களுக்கு இந்த வசதி குறைவு.

டொயோட்டா சி.எச்.ஆர். 1.2 டர்போ ஓட்டுவதற்கு நல்ல கார். ஆனால் பார்வைக்கு உயரமாகத் தெரிந்தாலும் ஜப்பானியச் சி.எச்.ஆரின் அடி உயரம் 140 முதல் 155 மில்லிமீற்றர்தான், விட்டாராவுக்கு 185. பின்கதவுக் கண்ணாடியும் சிறியது. பின்னால் இருக்கப்போவது வயதானவர்கள் என்றால் அவர்களை ஒருமுறை ஏற்றி இருத்திப் பாருங்கள்.

டொயோட்டா ரைஸ், அதன் இரட்டைப் பிறவியான டைஹட்சு ரொக்கி இரண்டும் 2019 நவம்பரில் ஜப்பானில் அறிமுகமானவை. எஞ்சின் 996 சி.சி., மூன்று சிலிண்டர், டர்போ. எங்கள் வரி முறை எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து ஏறுவதால் ஆயிரத்துக்குக் கீழே நிற்கும் இந்த எஞ்சின் இங்கு எடுபட்டது. டர்போ எஞ்சினுக்கு ஒயில் மாற்றும் ஒழுங்கு மிக முக்கியம். இரண்டு சேர்விஸ் தவறவிட்ட ரைஸை விட ஒழுங்காகச் சேர்விஸ் செய்த பழைய வெசெல் மேல்.

இன்னும் பழைய வாகனங்களுக்கு, உதாரணமாக 2011க்கு முந்திய ஹொண்டா சி.ஆர்.வி.க்குப் போகிறவர்கள் காற்றுப்பையைக் கவனிக்கவேண்டும். தகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உலகெங்கும் உயிர்களைப் பறித்தன. வெப்பமும் ஈரப்பதனும் உள்ள நாடுகளில் அந்த ஆபத்து கூடுதல். செசி இலக்கத்தைக் கொடுத்து, திருத்தம் செய்யப்பட்டதா என்று முகவரிடம் கேட்கலாம்.

மீற்றர் சொல்வதும் சொல்லாததும்

நாங்கள் பார்த்த 2015ஆம் ஆண்டுக் கார் ஒன்றின் மீற்றரில் 58,000 கிலோமீற்றர். வருடத்துக்குச் சுமார் 5,300. இது பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கொரோனா முடக்கமும், 2022இல் கியூ.ஆர். அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்த காலமும் நடந்தவைதானே. ஆனால் கதை உண்மையானால் மற்றச் சாட்சிகளும் அதையே சொல்லவேண்டும். ஸ்டியரிங் தோல் வழவழத்திருந்தது. பிரேக் பெடல் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. சாரதி இருக்கையின் ஓரம் அமிழ்ந்திருந்தது. மெக்கானிக் தலையை ஆட்டினார், நாங்கள் வெளிக்கிட்டோம்.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்யப்பட்டது. சீற் பெல்ற்றின் அடியில் உள்ள துண்டிலும் செய்த காலம் இருக்கும். ஒரு பெல்ற் மட்டும் காரைவிடப் புதிது என்றால், ஏன் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். விபத்தில் மாற்றியிருக்கலாம்.

ஜப்பானிலிருந்து பாவித்து வந்த கார் என்றால் ஏலத் தாள் இருக்கவேண்டும். 5, 4.5, 4 என்ற தரங்கள் நல்லவை. ஆர் அல்லது ஆர்.ஏ. என்றால் விபத்தில் பட்டுத் திருத்தப்பட்டது. காரின் படத்தில் 'ஏ' கீறல், 'யு' நெளிவு, 'டபிள்யு' திருத்திய இடம், 'எக்ஸ்எக்ஸ்' மாற்றிய பாகம். தாளைப் போலியாக அச்சிடுவது கஷ்டமான வேலையல்ல. எனவே விற்பவர் காட்டும் தாளோடு நிற்காமல், செசி இலக்கத்தைக் கொடுத்துச் சிறு கட்டணத்தில் நீங்களே சரிபாருங்கள். இன்னொன்று: அந்தத் தாள் ஜப்பானில் கார் ஏலம் போன நாளோடு முடிகிறது. இலங்கையில் அது ஓடிய பத்து வருடத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

தண்ணீர்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளத்தில் நாட்டின் பல மாவட்டங்களில் வாகனங்கள் மூழ்கின. அவற்றில் ஒரு பகுதி கழுவி, உலர்த்தி, மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வராமல் இருக்காது. வெள்ளம் புகுந்த காரில் எஞ்சினைவிட மின்கம்பிகளும் கணினிப் பெட்டிகளும்தான் பின்னர் தொல்லை தரும். ஸ்பெயார் ரயர் இருக்கும் பள்ளத்தில் கைவையுங்கள். கால்விரிப்பின் ஓரத்தைத் தூக்கி அடியில் சேறும் துருவும் உண்டா என்று பாருங்கள். சீற் பெல்ற்றை முழுவதுமாக வெளியே இழுத்தால், கறை எந்த உயரம்வரை போயிருக்கிறது என்று தெரியும். கண்ணாடிகளைப் பூட்டி ஏசியைப் போட்டு மணத்தைக் கவனியுங்கள். அளவுக்கு மிஞ்சி வாசனைத் திரவியம் அடித்திருந்தால் அதுவும் ஒரு செய்திதான்.

வடக்கில் ஓடிய கார்களுக்கு வேறு இரண்டு சோதனைகள். யாழ். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கூலன்ற் விடாமல் அதையே ரேடியேற்றரில் ஊற்றி ஓடியிருந்தால் உள்ளே படிவு கட்டி, எஞ்சின் சூடேறும். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள்: நிறமான சுத்தமான கூலன்ற் இருக்கவேண்டும். கடற்கரையோரம் நின்ற கார் என்றால் அடித்தளத்தில் உப்புத் துரு. ஹொயிஸ்ற்றில் தூக்கிப் பார்க்காமல் முடிவெடுக்கவேண்டாம். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எதை மறைக்க அடித்தார்கள் என்று தட்டிப் பாருங்கள்.

ஓடிப் பார்த்தல்

நாங்கள் போகும்போது கார் ஏற்கெனவே ஸ்ரார்ட் செய்து சூடாக நின்றது மூன்று தடவை நடந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அதன் குறைகள் கேட்கும். முதலில் பொனற்றில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்ரார்ட் செய்த முதல் சில விநாடிகளில் சங்கிலி உரசும் சத்தம், நீலப் புகை, நின்றபடியே எஞ்சின் தடுமாறுதல் ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும். ஒயில் மூடியின் உட்புறம் பால் கலந்ததுபோல் இருந்தால் ஒயிலோடு தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

சி.வி.ரி. காரை ஊர்ந்து போகும் வேகத்தில் ஓட்டவேண்டும். நெடுஞ்சாலையில் எல்லாக் காரும் நல்ல கார்தான். நின்ற இடத்திலிருந்து மெதுவாக எடுக்கும்போது உதறல், 'ஆர்' போட்டு இரண்டு விநாடி தாமதித்துப் பிடித்தல், வேகம் ஏறாமல் எஞ்சின் மட்டும் இரைதல் ஆகியவை பெரிய செலவின் அறிகுறிகள். கடைசியாகக் கியர் ஒயில் எப்போது, எந்த ஒயிலால் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். வெசெல்லுக்கு எச்.சி.எவ்.2, டொயோட்டாவுக்கு எவ்.ஈ. என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஒயில். கைக்கு வந்த ஒயிலை ஊற்றிய சி.வி.ரி. நீண்டநாள் தாங்காது.

பிறகு ஸ்கானர் போடுங்கள். கோளாறு ஒன்றும் காட்டாதது மட்டும் போதாது. பதிவுகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்றும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மெக்கானிக் விற்பவரின் ஆளாக இருக்கக்கூடாது. அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயில் கஞ்சத்தனம் பார்க்கவேண்டாம்.

காகிதங்கள்

காரில் குறை இருந்தால் காசு போட்டுத் திருத்தலாம். காகிதத்தில் குறை இருந்தால் கார் உங்களுடையது ஆகாது. பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் இரண்டையும் காரில் உள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சட்டவிரோதமாகக் கொண்டுவந்து பொய்த் தகவலில் பதியப்பட்ட வாகனங்கள் பற்றிய விசாரணைகளைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அப்படியான கார் கைப்பற்றப்பட்டால், காசு கொடுத்து வாங்கியவர்தான் காரில்லாமல் நிற்பார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் உள்ள விபரத்தோடும் ஒப்பிடவேண்டும். செய்த ஆண்டு வேறு, இலங்கையில் பதிந்த ஆண்டு வேறு. இலக்கத்தகட்டின் எழுத்துகள் சொல்வது இரண்டாவதை மட்டும்.

சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் முடிந்து அந்த நிறுவனம் விடுவிக்கும்வரை விற்பவரால் உங்களுக்கு உரிமையைத் தரமுடியாது.

பெரிய ஆபத்து 'ஓப்பன் பேப்பர்'. பதிந்த உரிமையாளர் கையெழுத்திட்ட வெறும் படிவங்களோடு கார் இரண்டு மூன்று கை மாறி வரும். நடுவில் உள்ளவர்கள் தங்கள் பெயருக்கு மாற்றியிருக்கமாட்டார்கள். முதல் உரிமையாளர் வெளிநாடு போயிருந்தால் அல்லது இறந்திருந்தால் பெயர்மாற்றம் சிக்கிவிடும். வடக்கு கிழக்கில் வெளிநாட்டுக்குப் போன உறவினரின் பெயரிலேயே ஓடும் வாகனங்கள் குறைவில்லை. பதிந்த உரிமையாளரை அடையாள அட்டையோடு நேரில் சந்தியுங்கள். பெயர்மாற்றப் படிவங்களை அவர் உங்கள் முன் கையெழுத்திடட்டும். 14 நாட்களுக்குள் திணைக்களத்தில் கொடுத்துவிடுங்கள். விற்பவருக்கும் இதில் நன்மை உண்டு: பெயர் மாறாத கார் விபத்துக்குள்ளானால் பொலிஸ் முதலில் தேடிப்போவது அவரைத்தான்.

கையில் வைக்கவேண்டிய காசு

உங்களிடம் உள்ளதையெல்லாம் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். வாங்கிய முதல் மாதத்திலேயே எஞ்சின் ஒயில், கியர் ஒயில், கூலன்ற், பிரேக் ஒயில், 12 வோல்ற் பற்றரி, தேவையானால் நான்கு ரயர் என்று செலவு வரும். குறிப்பாக 2020 - 2022 காலத்தில் நீண்டநாள் ஓடாமல் நின்ற காரில் ரப்பர் பாகங்கள் காய்ந்திருக்கும். இந்தத் தொகையைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் உங்கள் உண்மையான வரவுசெலவு. அது ஒரு ஆண்டு பழைய காரைத்தான் தரும் என்றால், அந்தப் பழைய காரையே நல்ல பதிவோடு தேடுங்கள்.

முற்பணம் கொடுக்கும்போது எழுத்தில் வாங்குங்கள்: கார் இலக்கம், செசி இலக்கம், பேசிய விலை, மெக்கானிக் சோதனையிலோ காகிதத்திலோ குறை வந்தால் முற்பணம் திருப்பித் தரப்படும் என்ற வரி, திகதி, இருவர் கையெழுத்து. 'இன்னொரு ஆள் பின்னேரம் காசோட வாறார்' என்று அவசரப்படுத்துகிறவர்கள் இந்தத் துண்டில் கையெழுத்திடத் தயங்குவார்கள். அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வெளிக்கிடலாம்.